பாதை ஓரத்துக் கதிர்

என்னை விட்டுப் போனபோது என் கணவர் துணிமணிகளோடு ஒரு பை கோதுமை விதையையும் எடுத்துக்கொண்டு போனார். மனிதர் போனதற்காக நான் அழுதது கொஞ்சம்தான். அந்த விதையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

புதுக் கோதுமை ரகங்களை உருவாக்குவது என் வேலை. இரண்டு கோதுமைகளைக் கலப்புச் செய்து, பிறக்கிற பிள்ளைகளில் எது தேறும், எது தேறாது என்று வருடக்கணக்கில் பார்த்து, கடைசியில் ஒன்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபமாக இருக்கும். பூ விரிவதற்கு முன்பே கதிரைப் பிரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மகரந்தப் பையை இடுக்கியால் பிடுங்கி, காகித உறை மாட்டி, வயலில் குனிந்தே கிடந்தால் மாலையில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

விளைச்சலைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் கோதுமை லேசில் மசியாது. ஒரு பாத்தியில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை மணி, ஒரு மணி எவ்வளவு கனம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் விளைச்சல். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று இறங்கிக்கொள்ளும். செடியிடம் இருப்பது ஒரே பானைச் சோறு. வாய்கள் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறைந்துபோகும். மணியைப் பெரிதாக்குகிற மரபணுவை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அது வந்த இடத்தில் மணிகளின் எண்ணிக்கை குறைந்து, தராசில் வைத்தால் பழைய எடையே நிற்கும். அந்த மரபணு இருந்தும் எண்ணிக்கை குறையாத ஒரு கோதுமைக் குடும்பத்தை நான் கண்டுபிடித்தேன். கருகிப்போக வேண்டிய பூக்களைக் காப்பாற்றுகிற இன்னொரு மரபணு அதில் இருந்தது. இரண்டையும் ஒரே செடியில் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக நிலைக்க வைப்பதற்குள் என் இளமை போய்விட்டது.

அந்தக் கோதுமை பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நடுத்தரக் கதிர், நடுத்தர உயரம், பள்ளிக்கூட வரிசையில் யார் கண்ணிலும் படாத பிள்ளை மாதிரி நிற்கும். நெருக்கமாக விதைத்து, அறுத்து, எடை போட்டால்தான் அதன் அருமை தெரியும். அதைத்தான் அவர் தூக்கிக்கொண்டு போனார்.

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு மீசைக்காரர் என்று பெயர். அப்போது எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். என் வேலைக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர் என்பதால், எது யாருடையது என்று கேட்கிற ஆளே இல்லை. விதை கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் போய் உட்கார்ந்தார். அடுத்த பருவத்திலேயே ரகம் அவர் பெயரில் வெளிவந்தது. பார்க்கிற இடமெல்லாம் அந்தக் கோதுமை. விளம்பரப் பலகையில் மீசையை முறுக்கிக்கொண்டு, என் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தப் பலகை இருக்கிற தெரு வழியாகப் போவதையே நான் விட்டுவிட்டேன்.

ஊர் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. என் மகள் என்ன நினைக்கிறாள் என்பதுதான் என்னை அரித்தது. அவர் போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என்னோடுதான் வளர்ந்தாள், என் படிப்பையே படித்தாள், படித்து முடித்ததும் நேராகப் போய் அப்பாவின் கம்பெனியில் சேர்ந்தாள். ஒரே ஒரு தடவை, "அந்த ரகம் யாரோடதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "விடும்மா" என்று எழுந்து போய்விட்டாள். நம்பவில்லை என்று புரிந்துகொண்டேன். கணவன் விட்டுப்போன பெண் வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் என்று பெற்ற மகளே நினைப்பதைவிட வேறு அவமானம் வேண்டுமா? அந்த ஆளுக்குக் கோதுமையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பதை அவள் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதற்கு வழி தேடிக்கொண்டிருந்தேன். வழி அவருடைய கையிலேயே இருந்தது.

வருடத்துக்கு ஒரு முறை, கதிர்கள் மஞ்சளாகிற சமயத்தில், எங்கள் பண்ணையை மற்ற ஆராய்ச்சி நிலையத்தாருக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் திறந்துவிடுவோம். பார்க்கலாம், தொடக் கூடாது என்று வாசலிலேயே பலகை வைத்திருப்போம். அதைப் படிக்காத கோதுமைக்காரனும் கிடையாது, மதித்த கோதுமைக்காரனும் கிடையாது. கட்டைவிரல் நகத்தால் கதிரின் கழுத்தில் ஒரு கிள்ளு, அது சட்டைக் கைக்குள் போய்விடும். ஒரு கதிரில் இருக்கிற மணிகள் போதும், பெருக்கிக்கொள்ளலாம். இதற்குத் திருட்டு என்று பெயர் வைக்க யாருக்கும் மனம் வராது. 'கை அரிப்பு' என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். மீசைக்காரருக்கு அந்த அரிப்பு தீராத வியாதி. கொளுத்துகிற வெயிலிலும் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார்.

எங்கள் விதைக் கிடங்கில் ஒரு பழைய வகைக் கோதுமை உண்டு. அதன் கதிர் கிளை விடும். 'கிளை விடாதே' என்று கதிரைக் கட்டுப்படுத்துகிற மரபணு அதில் பழுதாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். முதல் முறை பார்க்கிறவன் வாயைப் பிளப்பான். ஒரு கதிரில் இவ்வளவு மணியா என்பான். ஆனால் அத்தனை கிளைக்கும் இரை போட முடியாமல் செடி திணறும். அடியில் பக்கத் தண்டுகள் வெடித்துத் தூர் கட்டாது, நெருக்கி விதைத்தால் மணிகள் சூம்பிப்போகும். இது மீசைக்காரருக்கும் தெரியும். அதனால் பழைய வகையை அப்படியே காட்டினால் ஏமாற மாட்டார் என்று எனக்கும் தெரியும்.

அதை நல்ல பருத்த மணி உள்ள ஒரு புது ரகத்தோடு கலப்புச் செய்தேன். பிள்ளைகளில் பார்வைக்கு ராஜா மாதிரி இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக, எடையே போடாமல் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுத்தேன். பாதை ஓரத்தில், டீ மேசை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொரு விதைக்கும் தாராளமாக இடம் விட்டு ஊன்றினேன். வெயிலும் உரமும் தண்ணீரும் பங்குக்கு ஆள் இல்லாமல் கிடைத்தன. கதிர்கள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தன. மணிகளும் கொழுகொழுவென்று இருந்தன.

யாராலும் முடியாத ஒன்றை நான் முடித்துவிட்டேன் என்று அவர் நினைக்க வேண்டும். ஒரு தடவை முடித்தவள்தானே! என் திறமை மேல் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கையைத்தான் தூண்டிலில் மாட்டினேன்.

வயல் திறந்த அன்று டீ கோப்பையோடு அங்கே வந்து நின்றார். கோப்பை உதட்டுக்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"இது என்ன?" என்றார்.

"அதைப் பத்தி இப்ப பேச வேண்டாம்."

"மணி சூம்பலையே?"

"வேற பாத்தியப் பாருங்க. இது வெளிய காட்டறதுக்கு வச்சது இல்ல" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிக்கொண்டேன். வேண்டுமென்றே நிதானமாக இன்னொரு டீ ஊற்றிக் குடித்தேன். திரும்பிப் பார்த்தபோது ஓரத்துச் செடியில் தலையில்லாத தண்டு ஒன்று நின்றது. அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி பல வருடங்களாகச் சாப்பிட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். குரலில் குதூகலம்.

"அம்மா, அப்பா எனக்குன்னு தனியா ஒரு வேலை குடுத்திருக்கார். ஒரு கதிர்மா! உன் கை அகலம் இருக்கு. முழுக்க நானே பாத்துக்கணுமாம்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். தவிர, அவரை எனக்குத் தெரியாதா? வயலில் வேகிறது யாராக இருந்தாலும், பொதுச் சோதனைக்கு அனுப்பும்போது தன் பெயரைத்தான் போடுவார். அவள் பெயருக்கு ஒரு கீறலும் விழாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"நல்லா பண்ணு கண்ணு" என்றேன்.

கையில் கொஞ்சம் விதைதான் இருக்கிறபோது எல்லோரும் தாராளமாக இடம் விட்டுத்தான் ஊன்றுவார்கள், சீக்கிரம் பெருக வேண்டும் என்று. அவளும் அப்படித்தான் செய்தாள். இடம் கிடைத்த செடி பகட்டுக் காட்டியது. படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். வெயிலில் கறுத்துப்போய், கதிருக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு படத்துக்கும் பதிலாக ஒரு பூச்செண்டுச் சின்னம் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் கேட்டாள்:

"அம்மா, பொதுச் சோதனைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நெருக்கமா விதைச்சு ஒரு தடவ எடை பாக்கணும்னு சொன்னேன். அப்பா அதெல்லாம் வேணாம், ஒரு வருஷம் வீணாப் போயிடும்ங்கறார். எனக்கென்னவோ தூர் கம்மியா இருக்கற மாதிரி தோணுது. நீ என்ன சொல்ற?"

என் மகள்தான். கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டாள். பெருமையாகக்கூட இருந்தது.

"உங்க அப்பாவுக்குத் தெரியாததா?" என்றேன்.

பொதுச் சோதனை என்பது எங்கள் தொழிலின் பரீட்சை. எல்லோருடைய புது ரகங்களையும் வெறும் எண் போட்டுப் பல இடங்களில் நெருக்கமாக விதைத்து, அறுத்து, எடை போடுவார்கள். எந்த எண் யாருடையது என்பது முடிவு சொல்கிற கூட்டத்தில்தான் வெளியாகும். எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க நடுவில் ஒரு பழைய ரகத்தையும் விதைப்பார்கள். இப்போது அந்த ஒப்பீட்டு ரகம் எது தெரியுமா? அவர் பெயரில் இருக்கிற என் கோதுமை.

கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய் நடு வரிசையில் உட்கார்ந்தேன். சுவர் முழுக்க ஈரக் கறை, குளிர்சாதன இயந்திரம் கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. மீசைக்காரர் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டிருந்தார். பக்கத்தில் மகள், புதுச் சட்டையில். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

கூட்டத் தலைவர் முடிவுகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். மேலே மூன்று நான்கு ரகங்கள், அதற்குக் கொஞ்சம் கீழே என் பழைய கோதுமை, வயதானாலும் கம்பீரமாக. இறங்கிக்கொண்டே வந்து கடைசி வரிக்கு வந்தார். கடைசிக்கு முந்தியதற்கும் கடைசிக்கும் நடுவில் ஒரு பள்ளத்தாக்கே இருந்தது.

"இது..." என்று தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மீசைக்காரரின் பெயரைப் படித்தார்.

அரங்கம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. என் கோதுமை அவருடைய பெயரில் நின்றுகொண்டு அவரையே மண்ணைக் கவ்வ வைத்திருந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், எழுந்து ஆடிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் எழுந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மகளின் தோளில் கை வைத்தார்.

"என் பேர் பேருக்குத்தாங்க. முழுக்க முழுக்க இவ பண்ணது. கதிரத் தேர்ந்தெடுத்ததுலேர்ந்து எல்லாம் இவதான். சின்னப் பொண்ணு, அனுபவம் இல்ல, ஆசப்பட்டா. அப்பனாச்சே, வேணாம்னு சொல்ல மனசு வரல. தப்புப் பண்ணித்தானே கத்துக்கணும்?"

நாலு பேர் பாவம் என்று சிரித்தார்கள். தலைவரும் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். என் மகள் அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் மடியில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது மடல் வரை சிவந்துவிட்டது.

ஜெயித்தால் தன்னுடையது என்பான் என்று தெரிந்த எனக்கு, தோற்றால் யார் தலையில் கட்டுவான் என்பது தெரியாமல் போயிற்றே! ஒரு கணம்தான். அடுத்த கணம் எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்தக் கதிர் என்னோடது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கடைசியா வந்திருக்கே, அது நான் உருவாக்கினது. கலப்பு பண்ணினதும் நான், பாதை ஓரத்துல ஊன்றினதும் நான். வயல் திறந்த அன்னிக்கு டீ மேசைக்குப் பக்கத்துல நீங்க எல்லாரும் பாத்தீங்க. இந்தப் பொண்ணு அதைத் தேர்ந்தெடுக்கல. இது அங்க எப்படிப் போச்சுன்னு இவரைக் கேளுங்க."

"ஆமா, நானும் பாத்தேன்" என்றது பின்னால் ஒரு குரல். "கிளைக் கதிர்! ஓரமா நின்னுச்சே!"

"அவங்கதான் குடுத்தாங்க" என்றார் மீசைக்காரர்.

"நான் குடுத்தேனா? நீங்க கேட்டீங்களா? உங்க சட்டைக் கையக் கேட்டா அது சொல்லும்."

பக்கத்து நிலையத்து வழுக்கைத் தலையர் எழுந்தார். "போன வருஷம் என் பாத்தியில கூட ரெண்டு கதிர் காணாமப் போச்சுங்க. எலின்னு நினைச்சேன். மீசையுள்ள எலி போல இருக்கு."

அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கை அரிப்பு என்று இத்தனை நாள் மூடிவைத்ததை ஆளாளுக்குத் திறந்தார்கள். எனக்கும் ருசி ஏறிவிட்டது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்கறீங்களே அந்தப் பழைய ரகம், அதுவும் என்னோடதுதான். அதையும் இப்படித்தான் கொண்டு போனார். கிளைக் கதிர் நெருக்கத்துல தேறாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். இவர் எடுப்பார்னுதான் அங்க வச்சேன். கோதுமை தெரிஞ்ச ஆளா இருந்தா ஏமாந்திருப்பாரா?"

யாரும் சிரிக்கவில்லை. நம்பினார்கள். எல்லோருடைய முகத்திலும் நம்பிக்கை தெரிந்தது. மீசைக்காரர் காகிதங்களை அள்ளிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார், மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். நான் அவளைத்தான் பார்த்தேன். இப்போது தெரிந்ததா என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். அவள் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

அப்பாவின் காரில் வந்தவள். அந்தக் கார் போய்விட்டது. வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்கு முன்னால் என் காரை நிறுத்தி, எட்டி முன் கதவைத் திறந்துவிட்டேன். அதைச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனோம்.

"இப்பவாவது தெரிஞ்சுதா அந்தப் பழைய ரகம் யாரோடதுன்னு?" என்றேன்.

"அது எப்பவோ தெரியும்."

"யார் சொன்னா?"

"அப்பாதான். வேலைக்குச் சேந்த அன்னிக்கே. உங்க அம்மா பண்ணது, நான் தூக்கிட்டு வந்துட்டேன்னு சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

"தெரிஞ்சுமா அங்க இருந்த?"

"வேலை குடுத்தார், இருந்தேன். அவர் எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சுதான் இருந்தேன். அதனாலதான் எடை போட்டுப் பாக்கணும்னு தோணினப்ப அவர நம்பாம உன்கிட்ட கேட்டேன்."

"உம்மேல பழி போடுவார்னு நான் நினைக்கலடி" என்றேன்.

"நினைச்சிருந்தா சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று வாய் திறந்தேன். அந்தச் சொல் வெளியே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அழுகை, கோபம் எதுவும் இல்லை. வெயிலில் உரிந்த மூக்கோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் அனுப்பறப்பல்லாம் பூ அனுப்புவியேம்மா" என்றாள் மெதுவாக. "அப்பா அப்படித்தான்னு எனக்குத் தெரியும். உன்ன அப்படி நினைச்சதில்ல."

சிக்னலில் விளக்கு சிவப்பாக இருந்தது. "இங்கயே இறங்கிக்கறேன்" என்று கதவைத் திறந்தாள். வீடு இன்னும் தள்ளி இருக்கிறது, கொண்டு போய் விடுகிறேன் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குனிந்து, வாடகைக் கார்க்காரனிடம் சொல்கிற மாதிரி மரியாதையாக "தேங்க்ஸ்" என்றாள்.